மாட்டுப் பொங்கலன்னிக்கு எண்ணுன மாடுங்க

அனுப்புநர்:
பெரியம்மாள், க/பெ மாதேஸ்வரன் (லேட்),
ஊஞ்சமரத்துக்கொட்டாய்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: 'புகையில்லாத கிராமம்'ங்கிற பட்டியல்ல இருந்து எங்க ஊர்ப் பேரை அடிச்சு, என் மருமகளுக்கு கேஸ் அடுப்பு குடுக்கச் சொல்லி.

மதிப்புள்ள கலெக்டர் ஐயாவுக்கு,

நான் பள்ளிக்கூடம் போனதில்லைங்க. நான் சொல்லச் சொல்ல எங்க ஊர் பச்சியப்பன் எழுதுறாரு.

1. பதினோரு வருசத்துக்கு முன்னாடி கலைமணின்னு ஒரு இன்ஜினியர் காலேஜ் வாத்தியார் வந்தாருங்க. ஏழை நாட்டுக்கெல்லாம் சாணியில கேஸ் எடுத்துத் தர்ற படிப்பாம். எங்க ஊர்ல அறுபத்தி மூணு மாடு எண்ணி எழுதிக்கிட்டாரு. என் செவலை அவர் வெள்ளைச் சட்டையில கொம்பு பெயிண்டைத் தேச்சு விட்டுச்சு, அந்தச் சட்டையைத் துவைக்க நாலு பொம்பளைங்க... அது வேற கதைங்க. பெயிண்டு ஏன்னா, அன்னிக்கு மாட்டுப் பொங்கல்.

2. எங்க மாடுங்க வருசம் பூரா மலையடிவாரத்துப் பட்டியிலதான் அடையும். மாட்டுப் பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு ஓட்டியாந்து, மூணாம் நாள் திருப்பி ஓட்டிடுவோம். என் வூட்டுக்காரர், "சார், இதுங்க இங்க தங்காதுங்க"ன்னாரு. "பெரியவரே, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு"ன்னாரு வாத்தியார். மாடு எங்க படுக்கும்னு கம்ப்யூட்டருக்கும் தெரியல, அதுக்குச் சொல்லிக் குடுத்தவருக்கும் தெரியல. எங்க ஊர்ல மூக்கு ஒழுகுற பிள்ளைக்குத் தெரியும்.

3. என் வூட்டுக்குப் பின்னால சாணி கேஸ் தொட்டி கட்டினாங்க. வேற ஊர்ச் சாணியை டிராக்டர்ல கொண்டாந்து கொட்டி, ஒரு வாரம் அடுப்பு எரிஞ்சுது. போட்டோ புடிச்சு, எங்க ஊரை 'புகையில்லாத கிராமம்'னு பட்டியல்ல சேத்துட்டாங்க. அதோட சரி, இப்ப அதுல ஓணான் குடியிருக்குது. போட்டோவுல சிரிக்கிறது என் மருமக சின்னம்மாள். அந்தச் சிரிப்பு ஆப்பிரிக்கா வரைக்கும் போச்சாம். அவ பாலக்கோடு தாண்டினதில்லை.

4. வாத்தியாரும் வளர்ந்தாரு. மோட்டார் சைக்கிள்ல வந்தவருக்கு காரு, அப்புறம் ஏரோப்பிளேன், மெடல், டைரக்டர் பதவி. சாணியே இல்லாத ஊர்ல இருந்து இவ்வளவு எடுத்தாரே, சாணி இருந்திருந்தா எவ்வளவு எடுத்திருப்பாரோ.

5. சின்னம்மாளுக்கு விறகுப் புகையில நெஞ்சு கெட்டுப் போச்சுங்க. இருமுனா காலிக் கொடம் உருளுற மாதிரி கேக்கும். டாக்டர், அடுப்புப் புகைகிட்டயே போகக்கூடாதுன்னுட்டாரு. இலவச கேஸுக்கு மூணு தடவை எழுதிப் போட்டோம். "உங்க ஊரே சாணி கேஸ்லதானே சமைக்குது, பட்டியல்ல இருக்குதே"ன்னு மூணு தடவையும் திருப்பிட்டாங்க.

6. வர்ற 12-ஆம் தேதி வாத்தியார் வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டியாறாராம். ஒரு நாளைக்கு மாட்டை ஓட்டியாரச் சொல்லி ஆள் வந்துச்சு. வந்தவங்க ஒரு கேஸ் சிலிண்டரை சுவத்துக்குப் பின்னால மறைச்சு வெச்சு, என் அடுப்புக் குழாயில மாட்டிட்டு, "ஆத்தா, அவங்க போனதும் எடுத்துக்கறோம், தொடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நாலு நாளா சின்னம்மாள் அதுலதான் சமைக்கிறா. இருமல் பாதியாயிடுச்சுங்க.

அதனால, பொங்கல் இல்லாத ஒரு நாளாப் பாத்து ஆள் அனுப்பி மாட்டை எண்ணுங்க ஐயா. எண்ணிட்டு, பட்டியல்ல எங்க பேரை அடிச்சு, மருமகளுக்கு ஒரு கேஸ் கனெக்சன் குடுங்க. வாத்தியார் மேல நடவடிக்கை ஒண்ணும் வேண்டாம். அவரை வெச்சு நாங்க என்ன பண்ண, எருவுக்கும் ஆக மாட்டாரு.

எங்களுக்குன்னு ஒண்ணு வர்ற வரைக்கும் அந்த சிலிண்டரை நான் திருப்பித் தர்றதா இல்லைங்க. காணோம்னு அவர் புகார் குடுத்தா, இந்த மனுவையே என் வாக்குமூலமா வெச்சுக்கோங்க.

இடம்: ஊஞ்சமரத்துக்கொட்டாய்
நாள்: 4.8.2025

இப்படிக்கு,
பெரியம்மாள் (இடது பெருவிரல் ரேகை)