ஐப்பசிக் கொள்ளு

அப்பா,

இன்று காலை மழை பிடித்துக்கொண்டது. லாரிச் சக்கரம் ஏறினால் மணி உதிருமே என்று ஓசூர் ரோட்டில் பரப்பியிருந்த கொள்ளுச் செடிகளை அம்மாவும் நானும் வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் போட்டோம். நனைந்த கொள்ளின் வாசனை இன்னும் போகவில்லை. "கார்த்திகைக் கடைசியில இந்த ஊர்ல ஏது மழை?" என்று அம்மா வானத்தைத் திட்டினாள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் காத்திருந்த மழை இதுதான்.

தங்கவயல் சுரங்கத்தில் இருமல் முற்றியபின் ஓசூர் ரோட்டோரம் ஹெப்பகோடியில் இந்த மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தீர்கள். நானும் பள்ளிக்கூடத்தை விட்டு உங்களோடு வந்தேன். விளைந்தால் இங்கேயே இருக்கலாம். விளையாவிட்டால் நீங்கள் மறுபடியும் சுரங்கத்தில் இறங்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் சுரங்கத் தொப்பியை அம்மா தூக்கிப் போடாமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஆற்காட்டுப் பக்கம் உங்கள் ஊரில் கார்த்திகை மழையை நம்பித் தீபாவளி கழிந்துதான் கொள்ளு விதைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஐப்பசியில் விதைத்தீர்கள். பக்கத்து வயல் முனியம்மா வரப்பில் நின்று சிரித்தாள். கொள்ளை அவள் கன்னடத்தில் ஹுருளி என்பாள்.

"ஏன் அண்ணா, பனியைக் குடிச்சே வளருமா உங்க ஹுருளி?"

நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். செடி ஒரு சாண் வளர்ந்து, பூத்த பூவோடு காய்ந்தது. "இந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு, இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்" என்றீர்கள்.

அடுத்த வருஷம் ஆவணிக் கடைசியில் சுற்றிலும் எல்லோரும் விதைத்தார்கள். நம் விதைப் பை மட்டும் பரணில் இருந்தது. உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சந்தைக்குப் போன அன்று, உழுது போட்டிருந்த நிலத்தில் பாதிக்கு விதையைத் தூவி, முள்கிளையை இழுத்து மண்ணை மூடினேன்.

வந்து பார்த்தீர்கள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டீர்கள். "பாத்தியா, இதுக்கு வாயில ஒரு வார்த்தை வராது. பாதிக் கொல்லையை வெதைச்சிட்டு நிக்குது." என்னைப் பார்த்து, "சரி, அது உன் பாதி, இது என் பாதி. பாக்கலாம்" என்றீர்கள்.

என் பாதியில் கொடிக்குக் கொடி காய். ஐப்பசியில் விதைத்த உங்கள் பாதி வதங்கியதும் நீங்களே மாட்டை அவிழ்த்து அதில் விட்டீர்கள். அன்று சாயங்காலம் ஆணியிலிருந்து சுரங்கத் தொப்பியை எடுத்து, அடுத்த வருஷத்து விதையை அதில் கொட்டி, "இனிமே இதுக்கு இதான் வேலை" என்றீர்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு எல்லாவற்றையும் ஆவணியிலேயே விதைத்தோம். கிணற்றோர மூலையை மட்டும் ஐப்பசிக்கென்று விட்டுவைத்தீர்கள். "ஒரு வருஷமாவது நம்ம ஊர் மழை என்னைத் தேடிக்கிட்டு வராதா?" என்பீர்கள். நீங்கள் இருந்தவரை வரவில்லை.

நீங்கள் போனபிறகும் தீபாவளி கழிந்து அந்த மூலையில் விதைக்கிறேன். "அப்பாவுக்குப் படையலா?" என்பாள் முனியம்மா. தலையாட்டுவேன். வருஷா வருஷம் அது மாட்டுக்குத்தான் போகும்.

மழை விட்டதும் இன்று போய்ப் பார்த்தேன். அறுத்த நிலமெல்லாம் வெறுமையாகக் கிடக்க, உங்கள் மூலை மட்டும் பச்சையாக நிற்கிறது. பூ அரும்பியிருக்கிறது. என் கொள்ளு வீட்டுக்குள் ஈரத்தோடு கிடக்கிறது, அப்பா. நீங்கள் இருந்தால் என்னை எவ்வளவு கேலி செய்வீர்கள்.

மாட்டை இந்த முறை அந்தப் பக்கம் விடப்போவதில்லை. தொப்பியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.