இரண்டாம் சரணத்து விம்மல்

கள்ளிக்குப்பம்
12.3.1989

அன்புத் தங்கைக்கு,

ஆவடி நற்செய்திக் கூட்டத்தில் நீ பாடிய கேசட் கிடைத்தது. சபையில் உன்னை வைத்துச் சண்டையே நடக்கிறது. எதிர்வீட்டு ரூபாவதி, "ஆவியானவரே அந்தப் பொண்ணுக்குள்ள அழுவுறாரு" என்கிறாள். ஆர்மோனியம் வாசிக்கும் சாமிதாஸ், "இன்னாமா இது, பாட்டா டிராமாவா?" என்கிறார்.

நான் இரண்டாம் சரணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பாதி வார்த்தையில் விம்மலை விழுங்குகிறாய். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாய்.

இதை எங்கே கற்றாய்? அம்மா அப்படி அழுததில்லை. நீயும் அழுததில்லை.

என் கை ஒடிந்த அந்த ஞாயிறு மத்தியானம் நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். போதகர் விசாரித்தபோது, "ரேடியோ பாடிக்கினு இருந்துச்சு ஐயா, எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாய். அதனால், நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக என் வீட்டுக்காரர், உன் மாமா, சொன்னதே நிலைத்தது. நானும் உன்னை நம்பினேன்.

நேற்று மாமாவும் அந்தப் பாட்டைக் கேட்டார். விம்மல் வந்ததும் எழுந்துபோய் டேப்பை நிறுத்திவிட்டார்.

அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த அழுகை. உனக்கு எப்படித் தெரியும்?

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அக்கா