கர்ணனும் நீ அனுப்பிய மூன்று டப்பாக்களும்

மரியே வாழ்க

சின்னமனூர்,
சனிக்கிழமை.

அன்பு மகள் பெனிட்டாவுக்கு அப்பா சூசைமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், இந்த மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். நேற்றும் சொல்ல வாயெடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் பெரியாற்றுத் தண்ணீர் திறந்ததையும் அம்மாவின் முழங்கால் வலியையும் பேசி முடித்துவிட்டேன். எழுதினால் நடுவில் நீ குறுக்கே கேட்க மாட்டாய், நானும் பேச்சை மாற்ற முடியாது. அதனால்தான் இது. பதறாமல் படி, எல்லோரும் உயிரோடு நன்றாக இருக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் பெயிண்ட் உரிக்கிற மருந்து மூன்று டப்பா லாரி பார்சலில் அனுப்பினாயே, உங்கள் லேபில் சோதித்துப் பார்த்தது என்று. கூடவே ஒரு தாளில், பழைய ரிமூவரை விட்டுவிடுங்கள் அப்பா, அதன் ஆவி காற்றைவிடக் கனம், தொட்டி மாதிரி இடத்தில் அடியில் தேங்கி ஆளை மயக்கிவிடும் என்று எழுதியிருந்தாய். அது எப்படி இருக்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது தாயி என்றேன். அது பொய். டப்பாவின் மூடியைக்கூட நான் திறக்கவில்லை. நம் பெயிண்ட் பட்டறையில் பெஞ்சுக்குக் கீழே ஏழு மாசம் கிடந்தது. பழைய ரிமூவர் தடவினால் கால் மணி நேரத்தில் பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு வரும், உன்னுடையதற்கு ஒரு ராத்திரி முழுக்க வேண்டும் என்று தாளில் பார்த்ததுமே இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன். இருபத்தாறு வருஷமாக மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலையில் நம் பிள்ளை வந்து என்ன சொல்வது என்ற எண்ணமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

வைகாசியில் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் முத்துப்பாண்டி ஒரு இரும்புத் தொட்டி கொண்டுவந்தார். கொச்சிப் பக்கம் ஏதோ பேக்டரியில் கிடந்த பழைய உருளைத் தொட்டி, படுக்கைவாட்டில் கிடப்பது, மேலே ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு வாய். உள்ளே அடித்திருந்த எபாக்ஸி பூச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதை உரித்துப் புதிதாக அடித்துக் கொடுத்தால் கொடிக்கு மருந்து கலக்க ஆகும் என்றார். நம் கர்ணன் உள்ளே இறங்கினான். நீ ஐந்தாவது படிக்கும்போது வேலைக்கு வந்தவன், உன் சைக்கிளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தானே, அவன்தான். காலை பதினோரு மணி இருக்கும். வாளியில் ரிமூவரும் கையில் சுரண்டியுமாகப் போனான். நான் தொட்டி வாயருகே நிற்க வேண்டியவன், போன் வந்ததென்று வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். பேசி முடித்துத் திரும்பினால் சுரண்டுகிற சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன், அடியில் சாய்ந்து உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான். ஏலே கர்ணா, ஏலே என்று கூப்பிட்டேன், அசைவில்லை. நான் காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன் பெனிட்டா. அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு வந்த உன் அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். நான் உதறினேன், விடவில்லை. "நீங்களும் உள்ள விழுந்தா ரெண்டு பேரையும் யாரு தூக்குறது? பிள்ள எழுதுனத நான் படிச்சேன், அது அடியிலதான் கெடக்கும். தொட்டிய உருட்டுங்க, வாய் பக்கவாட்டுல வரட்டும்" என்றாள். உன் தாளை நான் மடித்துப் போட்டுவிட்டேன், அவள் எடுத்துப் படித்து வைத்திருக்கிறாள், எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்து டயர் கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தாக. முட்டுக் கொடுத்திருந்த கல்லை உருவிவிட்டுத் தொட்டியைக் கால் சுற்று உருட்டினோம். ரிமூவர் தரையில் கொட்டியது, உள்ளே அவன் உடம்பு சரிகிற சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா கம்ப்ரஸர் குழாயை எடுத்து உள்ளே காற்றடித்தாள். கொஞ்சம் பொறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விட்டு, அவன் இரண்டு கையையும் பற்றி வெளியே இழுத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு மட்டும் இருந்தது. ஆம்புலன்ஸில் தேனிக்குக் கொண்டுபோனோம், வழியெல்லாம் ஆக்சிஜன். ஆவி ரத்தத்தில் கலந்து கரிப்புகை விஷம்போல மாறும், அது இறங்க நேரம் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னாக. மூன்று மணிக்குக் கண்ணைத் திறந்தான். திறந்ததும் "அண்ணே, ரிமூவர் டிரம்ம மூடுனீகளா, காஞ்சு போயிரும்" என்று கேட்டான். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள் அங்கே இருந்தான். தோள்பட்டையில் மருந்து பட்டு வெந்த இடம் ஆற இன்னும் பத்து நாள் ஆனது.

இரண்டாம் நாள் அவன் வீட்டுக்காரி பவானி, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றது. திட்டும் என்று நினைத்தேன். சத்தம்கூடப் போடவில்லை. "அண்ணே, பெனிட்டா அனுப்புன டப்பா பெஞ்சுக்கடியிலதான கெடக்கு? இவுக வீட்டுல வந்து சொன்னாக. அத ஏண்ணே தொறக்கல?" என்றது. சோம்பல் என்று சொல்வதா, வீம்பு என்று சொல்வதா. என் தப்புதான் ஆத்தா என்று மட்டும் சொன்னேன். அது தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

மறுநாள் முதல் டப்பாவைத் திறந்தேன். தொட்டியில் இல்லை, அதே எபாக்ஸி அடித்த ஒரு பழைய தகட்டில், நீ எழுதியபடி கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலமும் அப்படியே. எனக்கு எரிச்சல் வந்தது. அம்மாதான் தாளைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறாளே, மூடினீர்களா என்று கேட்டாள். மூடவில்லை. இந்தக் காற்றுக் காலத்தில் திறந்து வைத்தால் மருந்து காய்ந்துதானே போகும். மறுபடி கனமாகத் தடவி, மூடி, ஓரத்தில் கல் வைத்தேன். விடிந்து வந்து பார்த்தால் பூச்சு பாலாடை மாதிரி சுருங்கி நின்றது. சுரண்டியை வைத்துத் தள்ளினேன், முழ நீளத்துக்கு ஒரே தோலாக வந்தது. கண் எரிச்சல் இல்லை, தலை சுற்றல் இல்லை. அந்தத் தோலை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன், இனி உனக்கு உள்ளதைத்தான் எழுதுவேன். தொட்டிக்கு இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துத் தகட்டை அறுத்து எடுத்துவிட்டோம், நீளக் குழாயில் பிரஷும் சுரண்டியும் கட்டி வெளியே நின்றே வேலை செய்தோம், பிறகு அந்தத் தகட்டையே மூடியாக வைத்துக் கொடுத்தோம். முத்துப்பாண்டியிடம் பிந்தும் என்றதற்கு "தொட்டி நாலு நாள் பிந்துனா பழம் அழுகிறாது, ஆளப் பாருங்க" என்றார், நல்ல மனுஷன். எல்லோரும் அப்படி இல்லை. மினி பஸ் கதவு நான்கை ஒரே நாளில் கேட்ட ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கர்ணன் வேலைக்கு வந்தான். முதல் இரண்டு நாள் ரிமூவர் வாடை இருந்த மூலைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே ஆறு தகடு எடுத்து வெயிலில், நிழலில், மெல்லிசாக, கனமாக, மூடி, மூடாமல் என்று உன் மருந்தைத் தடவி வரிசையாக வைத்தான். கனமாகத் தடவி நிழலில் மூடியதுதான் நன்றாக வந்தது. பவுடர் கோட்டிங் பாதிதான் கழன்றது. அலுமினியச் சட்டம் ஒன்று கறுத்துப் போனது. "அலுமினியம் ஏன் கறுக்குதுன்னு பெனிட்டாகிட்ட கேளுங்கண்ணே, வேகமா உரியுறதுக்கு வேற என்ன சேக்கலாம்னும் கேளுங்க" என்றான். ஆறு தகட்டிலும் அவனே ஆணியால் நம்பர் கீறி, சாக்கில் சுற்றி வைத்திருக்கிறான். திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன். உங்கள் லேபில் வைத்துப் பார், நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற மாதிரி ஒன்று கிடைக்குமா என்று தேடு. அவசரமில்லை, ஆனால் விட்டுவிடாதே.

ராத்திரி அதிக நேரம் கண் விழிக்காதே, லேபில் நீயும் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. ஞாயிறு பூசைக்குப் போக முடியாவிட்டாலும் ஒரு செபமாலையாவது சொல். அம்மா திராட்சை வற்றல் கொடுத்துவிடுகிறாள், தகட்டோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று தனிப் பெட்டியில்.

ஒன்றை மட்டும் மறக்காமல் விசாரித்துச் சொல். பழைய ரிமூவர் அரை டிரம் மீதி இருக்கிறது. விற்ற கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். ஓடையில் கொட்ட மனம் வரவில்லை. கம்பத்துப் பட்டறைக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நான் கொடுத்துவிடலாமா என்று யோசித்தபோது உன் அம்மா, அங்கேயும் தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு ஒரு வீட்டுக்காரி இருப்பாளே என்றாள். டிரம்மை மூடிப் பூட்டி வைத்துவிட்டு, நீ எழுதிய தாளை ஜெராக்ஸ் எடுத்து அந்த ஆளிடம் கொடுத்தனுப்பினேன். அந்தப் பட்டறைக்காரர் படித்தாரோ என்னவோ தெரியாது. நானே ஏழு மாசம் முழுசாகப் படிக்கவில்லையே.

உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கும்

அப்பா
ம. சூசைமுத்து