உம்மா கேட்டு வாங்கிய பெயர்கள்

மேலப்பாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அஃப்ராவுக்கு,

இன்று மதியம் இரண்டு பதினேழுக்குச் செய்தி வந்தது. கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலையில் பழுதுபார்க்க ஏறப்போகிறேன், இடுப்பில் பெல்ட் மாட்டியாகிவிட்டது, அப்போதுதான் போன் அடித்தது. ஸலாம் சொல்லி, சுகம் கேட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும், மறந்துபோனேன், அஸ்ஸலாமு அலைக்கும் மகளே. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அது நிஜம். நீ டெல்லியில் நல்லபடியாகப் படித்துக்கொண்டிருக்க அல்லாஹ் துணையிருக்கட்டும்.

போன் செய்தது பிருந்தா, உன் உம்மா பீடி சுற்றுகிற பெண்களைப் பேசவைத்துப் பதிந்து வைத்த குரல்களையெல்லாம் அவள் மௌத்தான பிறகு நாம் சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தோமே, அங்கே வேலை பார்க்கிறவர். வருகிற வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் இணையத்தில் வைக்கிறார்களாம். நல்ல விஷயம்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தால், "குடும்பத்துல கேட்டுக்கிட்டபடி ஒவ்வொரு பதிவோட ஆரம்பத்தையும் வெட்டிட்டோம் சார், யார் பேரும் எங்கயும் வராது, நீங்களும் உங்க பொண்ணும் சரின்னு ஒரு மெயில் போட்டா போதும்" என்று உபகாரம் செய்ததுபோலச் சொல்லுகிறார். குடும்பத்தில் யார் கேட்டது என்றால் நாசர் மாமா. உம்மாவின் அண்ணன் என்கிற முறையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. பேசிய பெண்களுக்கும் இல்லை. பெயர்களுக்குப் பதில் 'பீடித் தொழிலாளி, மேலப்பாளையம்' என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்களாம். பீடிக்கட்டுக்கு லேபிள் ஒட்டுகிற மாதிரி. உம்மா ஒவ்வொரு பதிவையும் எப்படித் தொடங்குவாள் என்று உனக்குத் தெரியும், முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க, யாரு மக, யாரு பொண்டாட்டின்னு வேண்டாம், உங்க பேரு மட்டும் என்பாள். பல பேர் அங்கேயே திக்கி நிற்பார்கள், சிரிப்பார்கள், அப்புறம் சொல்லுவார்கள். அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். உம்மாவின் குரலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதற்குப் பிறகு அவர்கள் பேசி முடிக்கிறவரை அவள் வாயே திறக்கமாட்டாள். பின்னாலிருக்கும் மின்விசிறி இரைச்சலை நான்தான் சுத்தம் செய்து கொடுப்பேன், எந்த இடத்தில் அவள் மூச்சு விடுவாள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தேன். மனசு ஒரு நிலையில் இல்லாமல் ஏறக்கூடாது. அவள் போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை, உனக்கு என்ன நாற்பது வயசுதானே, இன்னொரு நிக்காஹ் பண்ணிக்கோ என்று வீடு தேடி வந்து சொன்னவர்களுக்குக்கூட டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். இன்றைக்கு வந்தது மகளே. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் இருந்தது, இரண்டு வாப்பாமார் பெயரும் இருந்தது, அவள் இடத்தில் 'தீன்குலச் செல்வி' என்று மட்டும் போட்டிருந்தார்கள், அது எந்தப் பெண்ணுக்கும் பொருந்துமே என்று வருஷக்கணக்காக என்னைக் கேலி செய்வாள். மௌத்தான அன்று பள்ளிவாசல் மைக்கில் ஆரிப் அவர்களின் மனைவி என்று அறிவித்தார்கள். பிறந்ததிலிருந்து அவளுக்கு ஸமீஹா என்று ஒரு பெயர் இருந்தது.

நேராக மாமா கடைக்குப் போனேன். "பைய பேசும் மாப்ளே, கடையில ஆள் நிக்கி. நம்ம வீட்டுப் பொம்பளையளு பேரு ஊரு உலகமெல்லாம் போகணுமா வே, தங்கச்சி போனப்புறம் அவளை ஒருத்தன் ஒண்ணு சொல்லிரக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றார். அந்தப் பெண்களில் ஒருத்தரிடமாவது கேட்டீங்களா என்றேன். "இதையெல்லாம் அவங்ககிட்ட போய்க் கேப்பாங்களாக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்கு அது தோன்றவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அங்கிருந்து மைதீன் பாத்திமா மாமியைப் பார்க்கப் போனேன். பீடிக் கம்பெனி அட்டையைப் புருஷன் பெயரில் இல்லாமல் தங்கள் பெயரில் கொடு என்று பீடி சுற்றுகிற முறத்தை, சொளவைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் முதல் ஆள் அவர்தான், உம்மாவின் முதல் பதிவும் அவருடையதுதான். மடியில் சொளவை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியை நிறுத்தவேயில்லை. "ஏலே ஆரிப், அன்னைக்கு போலீசுக்காரன் பேரென்னன்னு கேட்டப்பவே மறைக்காம சொன்னவ நான், இப்பதான் மறைக்கப் போறேனாக்கும். உன் மச்சானை இங்கன வந்து ஒரு நாள் இலை வெட்டச் சொல்லு, வெட்டுத ஆசை தீந்துரும்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், ஒவ்வொருவராக எம் பேரு இருக்கட்டும், எம் பேரும் இருக்கட்டும் என்றார்கள். முத்துராணி மட்டும் எழுந்து வாசல்வரை கூடவே வந்து, "அண்ணாச்சி, எம் பேரை மட்டும் எடுத்திருங்க, மாமியாளைப் பத்தி அதுல கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டேன், மகளுக்கு மாப்பிள்ளை பாக்குத நேரம்" என்றாள். எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால் எடுக்கலாம். மாமா கேட்டால் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம், இதை நம் இரண்டு பேரைத் தவிர குடும்பத்தில் யாருக்கும் புரியவைக்க முடியாது போலிருக்கிறது.

இப்போது உன்னால் ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது. நாம் இரண்டு பேரும் சரி என்றால்தான் வெள்ளிக்கிழமை வெட்டியதை வைப்பார்கள். நான் மாட்டேன் என்று எழுதிவிட்டேன், அந்தப் பெண்கள் சொன்னபடி பெயரோடு வையுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று. அஃப்ராகிட்ட நான் பேசிக்கிடுதேன், அவ என் சொல்லைத் தட்டமாட்டா என்று மாமா பிருந்தாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லுவதில் நியாயம் உண்டு, உன்னை அவ்வளவு தூரம் அனுப்பாதே என்று எல்லாரும் சொன்னபோது உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெல்லிவரை கூட வந்தவர் அவர். அந்த நன்றி இருக்கட்டும், பெருநாளைக்கு அவருக்கு என்ன வேண்டுமோ வாங்கிக் கொடு. இந்தப் பெயர்களைக் கொடுக்காதே. அவை உன்னுடையவையும் இல்லை, என்னுடையவையும் இல்லை.

குளிர் ஏறிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன், உம்மாவின் சாம்பல்நிறக் கம்பளியை எடுத்துப் போட்டுக்கொள், அலமாரியில் வைத்துப் பாதுகாக்க வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. உன் படிப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இந்த மெயிலைப் பார்த்ததும் உன் பதிலை இன்றைக்கே பிருந்தாவுக்கு அனுப்பிவிடு, தள்ளிப்போடாதே.

இப்படிக்கு
உன் வாப்பா
ஆரிப்

என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லையென்று பதறாதே, மெயில் போடு, கம்ப்யூட்டரில் பார்ப்பேன். மாமா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சண்டை போட்டால் சமாளிப்பேன், தங்கச்சியை நினைத்து அவர் அழுதுவிட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் போனை அணைத்துவிட்டேன்.