ஹீட் பம்பும் வீட்டுப் பத்திரமும்

அப்பா,

வீட்டுப் பத்திரத்தில் என் பெயரையும் சேருங்கள். பொம்பளைப் பிள்ளை வாய்விட்டுக் கேட்கவே கூடாது என்று நீங்கள் சொல்லி வளர்த்ததைத்தான் கேட்கிறேன்.

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஹீட் பம்ப்காரர் அட்வான்ஸ் வாங்க வருவார். இரண்டு மாதக் குளிருக்கு வெந்நீர் போட மிஷின் ஒன்றரை லட்சம். குழாய், வயரிங், பால்கனியில் ஸ்டாண்ட் என்று இன்னும் நாற்பதாயிரம். கரண்ட் பில் குறைந்து, போட்ட காசு ஐந்து வருஷத்தில் திரும்பிவிடுமாம். யாருக்கு?

நேற்று அவர் "மகான் மாலிக் கௌன் ஹை?" என்று இந்தியில் வீட்டுச் சொந்தக்காரர் யாரென்று கேட்டதும் தம்பியைக் காட்டினீர்கள். தீனா போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "இவ என் மக, குடும்பத்துலயே முதல் டிகிரி. பைசா இவதான் குடுப்பா" என்று என்னைப் பற்றிப் பெருமை வேறு. அச்சா!

அவர் போனபின் நான் கேட்டதற்கு, "இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவளுக்கு எதுக்குடி பங்கு?" என்றீர்கள். அப்படிப் போகிறவளிடம் நான்கு வருஷமாக இந்த வீட்டுக் கடனை மட்டும் ஏன் கட்டச் சொன்னீர்கள்?

அட்வான்ஸை உங்கள் மகனே கொடுக்கட்டும்.

மேகலா

பி.கு. அம்மாவின் கைவலிக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. சின்ன கீசர் ஒன்று வாங்கிவிட்டேன், வியாழக்கிழமை வந்து மாட்டுவார்கள். அது அம்மாவுக்கு மட்டும்.

இன்னொன்று. கடன் தவணையை இனி என் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது என்று பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டேன். முனீர்கா ஏரியாவில் எனக்கென்று ஒரு வாடகை அறை பிடித்தாயிற்று. ஆட்டோ கீழே நிற்கிறது, போகிறேன்.