காகம் தொடாத ஓட்ஸ் கஞ்சி

அன்பு மாப்பிள்ளை சந்திரனுக்கு,

அங்கே சாப்பாடெல்லாம் எப்படி? இங்கே நாங்கள் வைத்ததை நீ தொடவில்லை என்று உன் அக்கா அழுத அழுகை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கண்டி மார்க்கெட்டில் கடையில் வேலைக்கு நின்றவன் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஒரு பை விதையோடு வந்து இறங்கினாய். நெல்லைவிட ஒல்லியாக, நீளமாக இருந்தது.

"மச்சான், இது ஓட்ஸ். ஓடையில இருந்து வர்ற பீலித் தண்ணிய கொஞ்சம் திருப்பி விட்டா போதும். வெயில் காலத்துல நம்ம புள்ளி மாடு பட்டினி கெடக்காது."

டாக்டர் சொல்லி நான் காலையில் குடிக்கிற ஓட்ஸா என்று கேட்டேன். "அதேதான். இனிமே ஒங்களுக்கும் மாட்டுக்கும் ஒரே சாப்பாடு" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு உன்னை என்ன செய்வது?

மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கும் சரிவைக் கொத்தி விதைத்தாய். கதிர் தலைகாட்டிய வாரம் உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு உன் அக்கா அந்தப் பயிரில் அரிவாள் வைக்க விடவில்லை. "என் தம்பி போட்டது. நிக்கட்டும்" என்றாள். நின்றது. மழை இல்லை, ஓடையோரப் புல்லும் கருகிவிட்டது. புள்ளிக்கு விலா எலும்பு தெரிந்தது, பால் பாதியாகக் குறைந்தது. கதிரில் பால் பிடிக்கும்போதே அறுத்தால்தான் மாட்டுக்கு நல்லது என்று நீதானே சொன்னாய்? விட்டால் எல்லாம் வைக்கோலாகிவிடும். ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது? நான் வாயைத் திறந்தாலே, "ஒங்களுக்கு பாலுதான் பெருசு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் வந்தது. வெயில் நன்றாக விழும் மேல் வரிசை மட்டும் பழுத்திருந்தது. உன் படையலுக்கு என்று அதை அவளே அறுத்து, நெல்லைக் குத்துவதுபோல உரலில் குத்தி, புடைத்து, தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கஞ்சி வைத்தாள். மாப்பிள்ளை, அது லேசில் விடுகிற உமி இல்லை. பாக்கெட்டில் வெள்ளையாக வருவதைப் பார்த்த எங்களுக்கு அது எங்கே தெரியும்? படைப்பதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது என்பதால் ஒருவரும் ருசியும் பார்க்கவில்லை.

மாட்டுப்பட்டியின் குட்டைச் சுவரில் இலை போட்டுக் கஞ்சியை வைத்து, "தம்பி, வாடா" என்று கூப்பிட்டாள். காகம் வந்தது. ஒரு வாய் எடுத்து, தலையை உதறிவிட்டுப் பலாமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவோ கூப்பிட்டும் இறங்கவில்லை.

"அவனுக்கு மனசு நெறையல. பயிர அறுத்தது அவனுக்குப் புடிக்கல" என்று இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து புள்ளியின் தலை நீண்டது. ஒரே இழுப்பு. கஞ்சி, உமி, வாழையிலை எல்லாம் உள்ளே போய்விட்டது. வந்திருந்த சனங்கள் "ஐயையோ" என்றார்கள். அது வெறும் சுவரை நக்கிக்கொண்டு நின்றது.

உன் அக்கா எழுந்து போய் அதன் விலாவைத் தடவினாள். "இம்புட்டு பசியா இருந்தியாடி?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அருவாள எடுங்க. இதுக்குத்தானே அவன் போட்டான்" என்றாள்.

அன்று சாயங்காலமே அறுத்தோம். அவள் அழுதுகொண்டே அறுத்தாள், நான் சுமந்தேன். இப்போது பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் சத்தம் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போகிறது.

கீழ் மூலையில் ஒரு பாத்தியை விதைக்காக விட்டிருக்கிறோம். மழை விழுந்ததும் அதே சரிவில் போடுவோம், காலத்தில் அறுப்போம். இனி உன் திவசத்தில் முதல் கட்டு ஓட்ஸ் புள்ளிக்குத்தான், அதற்குப் பிறகுதான் காகத்துக்குச் சோறு. கஞ்சி மட்டும் வைக்க மாட்டோம், சத்தியம்.

இன்னும் உன் பஸ்ஸைப் பார்த்து நிற்கும்
உன் அக்கா புருஷன்