நீ நிறுத்திய பீரங்கிகள்

பல்லடம்
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்புக் கண்ணு லோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பண்ணைக் கோழிகளும் வெயிலைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீ அந்த ராஜஸ்தான் மணலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அங்காளம்மனைக் கும்பிடுகிறேன். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாதல்லவா, அதனால்தான் இது.

போன லீவில் மாடியில் வடகம் பிழியும்போது சொன்னாயே, ஆகாயத்துக்கும் தரை உண்டு, கூரை உண்டு, அறை அறையாய்ப் பிரித்திருக்கும், பீரங்கிக் குண்டு போகிற அறைக்குள் விமானம் வரக்கூடாது, விமானம் போகிற அறைக்குள் குண்டு வரக்கூடாது, இரண்டையும் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் உன் வேலை என்று. அன்றிலிருந்து எனக்கு மேலே பார்த்தால் எல்லாம் அறைகளாகவே தெரிகிறது. கீழறையில் காற்றாலை இறக்கை மெல்லச் சுற்றுகிறது, நடு அறையில் கொக்குகள் கதவைத் தட்டாமல் புகுந்து போகின்றன, மேல்மாடியில் சூலூர் படைத்தளத்து விமானம் சத்தத்தைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறது. துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிடுகிறேன், கீழே பால் பொங்கி வழிகிறது. ஏனம்மணி, ஆகாயத்துல ஊடு கட்டறயா என்று அப்பா கேலி பேசுகிறார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியில் ஒரு ஹெலிகாப்டர் குண்டு போகிற அறையை விட்டு வெளியே போன தகவல் வரவில்லை என்று செக் ஃபயரிங் சொல்லி எல்லாப் பீரங்கியையும் நிறுத்திவிட்டாய், அது எப்பவோ இறங்கிவிட்டதாம், எல்லோர் முன்னாலும் அதிகாரி வைதாராம். அந்த நாற்காலியே வேண்டாம், சூலூரில் ஆபீஸ் வேலை கேட்கிறேன், மாசம் பிறந்ததும் எழுதிக் கொடுக்கிறேன் என்று போனில் அழுதாய். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உன் மெத்தையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை பக்கத்துத் தோட்டத்து அரங்கசாமி அண்ணன் கிணற்றை ஆழப்படுத்தப் பாறைக்கு வேட்டு வைத்தார்கள். வேட்டு, வேட்டு என்று அவர்கள் கூவியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, நம் தென்னைக்கு மருந்தடிக்க அஃபான் என்பவர் காலையில் டிரோனோடு வந்திருந்தாரே, அது அந்தப் பக்கம் மேலே இருந்தால் என்ன ஆவது? நிறுத்துங்க, மேல டிரோன் இருக்குதுங்க என்று மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். நிறுத்திவிட்டார்கள். விசாரித்தால் அஃபான் வேலையை முடித்துக்கொண்டு பொங்கலூரே போய்ச் சேர்ந்துவிட்டாராம்! எனக்கு மானமே போயிற்று. ஆனால் கண்ணு, ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. வேட்டுக்காரர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, செரிங்க அம்மணி, இப்ப வெடிக்கலாமுங்களா என்று என்னிடமே கேட்டார். கிணற்று வேட்டில் யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதுதானே வழக்கம், காரணம் தப்பாய்ப் போனாலும் வைய மாட்டார்கள், வைதால் அடுத்த தடவை யார் வாயைத் திறப்பார்கள்? வெடிங்க என்றேன். பூமி குலுங்கிற்று, புழுதி எழுந்து வெகுநேரம் இறங்காமல் மிதந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த ஹெலிகாப்டர்காரனைப் பெற்றவளை நினைத்தேன். எந்த ஊரோ, என்ன பாஷையோ. தன் பிள்ளை இறங்கிவிட்டான் என்று நிச்சயமாகத் தெரியும்வரை பீரங்கிகளை நிறுத்திவைக்க ஒருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன்னை வைத அதிகாரி வாயில் ஒரு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்ற வேண்டும். நீ வராதே கண்ணு, அங்கேயே உட்கார். மறுபடியும் சந்தேகம் வந்தால் மறுபடியும் நிறுத்து, வைகிறவர்கள் வைதுகொள்ளட்டும்.

அம்மன் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். தேங்காய் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், தலை காயாமல் பார்த்துக்கொள். மாசம் பிறந்ததும் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே.

வராதே என்று எழுதிவிட்டு அழுதுகொண்டிருக்கும்
உன் அம்மா தெய்வாத்தாள்